மேல்முனை எது?

சோதனைக்கூடத்தில் எல்லோரும் அவரைச் சுத்தியல் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டிச் சுத்தியலால் குழாய்களையும் தகடுகளையும் தட்டி, அவை எப்படி அதிர்கின்றன என்று கணினியில் பதிவதுதான் இருபத்து மூன்று வருடமாக அவர் வேலை. சத்தத்தைக் கேட்டே விரிசலைச் சொல்லிவிடுவார். அந்த மிதப்பில்தான் மனிதர் அன்று வசமாக மாட்டிக்கொண்டார்.

ஆராய்ச்சிக்காரப் பெண் மூன்று வருடம் பாடுபட்டு ஒரே ஒரு உருளை செய்திருந்தாள். முழங்கை நீளம், உள்ளே வெறும் கூடு. ஒரு முனை முழுக்க உலோகம். போகப் போகப் பீங்கான் கலந்து, மறுமுனை முழுக்கப் பீங்கான். உலோக முனையை மேலே வைத்து, அதன்மேல் எடையைப் போட வேண்டும். தாங்கினால் அவள் கணக்கு சரி. தலைகீழாக வைத்தால் சுக்குநூறு.

உடைவதை நொடிநொடியாகப் படம்பிடிக்கும் வேகக் கேமராவுக்காக உருளைக்கு உள்ளும் புறமும் இரு முனைகளிலும் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கறுப்புப் புள்ளி தெளித்தவர் அண்ணன். முடித்த பிறகுதான் உறைத்தது: மேல்முனைக்கு அடையாளமாக அவள் போட்டிருந்த சிவப்புக் கோடும் பெயிண்டுக்குள் போய்விட்டது. சுரண்டிப் பார்க்கவும் வழியில்லை. ஒரு கீறல் விழுந்தாலும் சோதனை கெட்டுவிடும்.

கைவசம் இருந்த வித்தையைக் காட்டினார். இந்த முனையில் தட்டி அந்த முனையில் அதிர்வைப் பிடித்தார். அந்த முனையில் தட்டி இந்த முனையில் பிடித்தார். திரையில் இரண்டு கோடுகளும் அச்சு அசல் ஒன்றுபோல வந்தன. இதென்ன கூத்து, பீங்கானுக்கும் உலோகத்துக்கும் வித்தியாசமே இல்லையா? எந்த முனையில் தட்டினாலும் அதிர்வு அதே உருளை முழுவதையும் கடந்துதான் மறுமுனைக்குப் போகிறது என்பது பதற்றத்தில் அவருக்கு உறைக்கவில்லை. நாலு தடவை தட்டியதில் அவருக்குத்தான் தலை சுற்றியது.

அவளிடமே கேட்டிருக்கலாம். கோட்டை மறைத்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? மனைவிக்குப் போன் போட்டார்.

"இதுக்குப் போயா இவ்வளவு குழப்பம்? உலோகம்னா கனமாத்தானே இருக்கும். எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க."

அட, ஆமாம்! உருளையை நடுவில் ஒரு கம்பியின்மேல் படுக்க வைத்தார். சாய்ந்த பக்கத்தை மேலே வைத்துப் பொருத்தினார்.

எடை விழுந்தது. உருளை நொறுங்கிச் சிதறியது.

அவள் திரையையே வெறித்தாள். "என்னண்ணே இது? இப்படி உடையவே கூடாதே! கனமான பீங்கான் கீழ, லேசான அலுமினியம் மேலன்னு பாத்துப் பாத்துச் செஞ்சேனே. மூணு வருஷக் கணக்கும் தப்பா?"

கனமான பீங்கானா? துடைப்பத்தோடு நின்ற அண்ணன் குனிந்து, மேலிருந்து தெறித்த துண்டு ஒன்றை எடுத்தார். உடைந்த இடத்தில் உலோக மினுக்கே இல்லை. உடைந்த தட்டின் விளிம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. குப்பைத்தொட்டி இரண்டடி தூரத்தில்தான் இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, கணக்கை அடிக்கப் பேனாவை எடுத்தாள்.

"அடிக்காதம்மா," என்று துண்டை அவள் முன்னால் வைத்தார். "உன் கணக்கு சரி. நான்தான் தலைகீழா வச்சேன்."