இம்மாகுலேற் ஓட்டும் வான்

வானின் நாலு சில்லுகளையும் சப்பாத்துக் காலால் ஒவ்வோர் உதை உதைத்துவிட்டுத்தான் இம்மாகுலேற் ஏறுவாள். பின்பக்க இடது சில்லுக்கு ஏச்சும் விழும். "நீதான் சோம்பேறி. இண்டைக்கு இழு, சரியோ?" பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் விடியக்காலை கோப்பியோடு நிற்கிற ஆண்கள் சிரிப்பார்கள். அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள். புருஷன் கிறிஸ்தோப்பரின் கனத்த கோட்டு, கழுத்தில் மடு மாதா பதக்கம், பையில் மூன்றாம் தரம் எழுதிப் பாஸ்பண்ணிய பிரெஞ்சு லைசென்ஸ். அந்த மிடுக்கு நடைக்கு இவ்வளவும் போதும்.

அது இராஜதுரையின் மரக்கறிக் கடை வான். மலைப்பக்கத்தில் பால் ஏற்றிக்கொண்டு திரிந்ததை மலிவென்று வாங்கினார். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வான் என்பது அவருக்கே தெரியாது. கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருந்தது. முன்பு வானை ஓட்டிய அவருடைய மச்சான் வாமதேவன் தன் தொப்பியை அதில் கொழுவுவான். "அதைத் தொட்டாக் கியர்பெட்டி போயிடும்" என்பது அவன் கண்ட சாத்திரம். மூன்று தரம் மதிலில் இடித்தான். குற்றம் வானிலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அவன் கை முறிந்து கிடந்தபோதுதான் இம்மாகுலேற்றுக்கு அந்த இருக்கை கிடைத்தது. வானோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தை அகராதியும் கையுமாக ஒரு மாதம் வாசித்து முடித்தாள். சின்னக் கம்பியை இழுத்தால்தான் நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் என்று அதில் இருந்தது.

எண்பத்தேழாம் ஆண்டுப் பொங்கலுக்குள் வாமதேவனின் கை சுகமாகிவிட்டது. இராஜதுரை தலையைச் சொறிந்தார். "பிள்ளை, பொங்கலோடை அவன் வானை ஓடட்டும். நீ கடைக்குள்ளை நில். சனம் கதைக்குது."

அவளுக்கு நெஞ்சு எரிந்தது. கடைக்குள் வெண்டிக்காய் நிறுக்கவா இவ்வளவு பாடு?

பொங்கலுக்கு முதல் நாள் விடிந்தபோது கணுக்காலுக்கு மேலே பனி. கரும்பும் வாழையிலையும் றன்ஜிஸ் மொத்தச் சந்தையில் கிடந்தன. தெருவில் ஒரு கடை வானும் அசையவில்லை. வாமதேவன் கதவால் எட்டிப் பார்த்தான். "இண்டைக்கு ஏலாது அத்தான்."

"அண்ணை, கரும்பு வராட்டி நாளைக்கு நானே கடைக்குள்ளை நிக்கிறன். வந்தா இந்தக் கதை இனி வேண்டாம்" என்றாள் இம்மாகுலேற். பாரத்துக்கு நாலு அரிசி மூட்டையைப் பின்னால் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள்.

போகும்போது சுகமாகப் போய்விட்டாள். திரும்புகையில் நகர வாசலான போர்ட் த லா சப்பல் கழிந்த ஏற்றத்தில் ஒரு பஸ் குறுக்கே சறுக்கி நின்றது. ஏறமுடியாத கார்கள் நின்ற இடத்திலேயே சில்லைச் சுற்றின. சின்னக் கம்பியை முன்பே இழுத்துவிட்டிருந்தாள். இரண்டாம் கியர், பிரேக்கில் கால் இல்லை. பஸ்ஸை நெருங்கும்போது வான் பக்கவாட்டில் வழுக்கியது. பயமில்லை என்றால் பொய். ஆனால் மன்னாரில் தகப்பனின் உழவு மெசினைச் சேற்றில் ஓட்டியவள் அவள். "சேத்துக்கை அவசரப்பட்டாத் தாழும்" என்று இன்றைக்கும் கேட்கிறவர்களுக்குச் சொல்வாள். அக்சிலேட்டரை அழுத்திய காலை மெல்ல எடுத்தாள். நாலு சில்லும் பிடித்தன. பஸ்ஸுக்கும் மதிலுக்கும் நடுவே புகுந்து ஏறிவிட்டாள்.

மத்தியானத்துக்குச் சற்று முன் வான் கடை வாசலில் வந்து நின்றபோது தெருவே மூக்கில் விரலை வைத்தது. இராஜதுரைக்கு வாயால் பாராட்ட வராது. கரும்புக் கட்டுக்குள்ளிருந்து நல்லதாக இரண்டு உருவினார். வாமதேவனைச் சணல் பிடிக்கச் சொல்லி, வானின் இரண்டு பக்கக் கண்ணாடியிலும் ஒவ்வொன்றைத் தன் கையாலேயே கட்டினார்.

இம்மாகுலேற் பெருமையோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முடிச்சு இரண்டையும் அவிழ்த்தாள்.

"கண்ணாடியை மறைச்சா நாளைக்கு நான் எப்பிடி அண்ணை பின்னுக்குப் பாக்கிறது?" என்றபடி பனியில் முழங்காலிட்டு, கரும்புகளை முன் பம்பரில் இறுக்கிக் கட்டினாள்.