யார்டு விளக்கை அணைத்துப் பிடித்த வால்நட்சத்திரம்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குத் துணியைச் சோதித்துப் பார்க்கும் வேலை. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று எது கண்ணில் பட்டாலும் கம்பெனிக் கேமராவில் படம் எடுத்து ரிப்போர்ட்டில் சேர்க்க வேண்டும். பழைய கேமரா. வாங்கும்போது கூடவே வந்த லென்ஸைத் தவிர வேறு கிடையாது.

சூரியன் மறைந்ததும் மேற்கே வால்நட்சத்திரம் தெரிகிறது என்று பேப்பரில் படித்ததிலிருந்து அந்தக் கேமராவின் மேல் எனக்கு ஒரு கண். பல்லடத்தில் என் வீட்டுக்கு மேற்கே கோழித்தீவனக் குடோன் மறைக்கும். பஸ் பிடித்து வீடு போவதற்குள் வால்நட்சத்திரமும் இறங்கிவிடும். கம்பெனி மொட்டைமாடிதான் வழி. ஆனால் கீழே லாரிக்குச் சரக்கு ஏற்றும் யார்டில் ஒரு பெரிய விளக்கு வானத்தையே வெளுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் மேனேஜர் குன்னத்தூர்க்காரர். மரியாதையாகப் பேசுவார், ஒரு நூல் பிசகினாலும் விடமாட்டார். அவர் பயப்படும் ஒரே சொல் ஆடிட். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்களிடம் காட்ட, மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்கு ஆதாரமாக, விளக்கு அணைந்த யார்டைப் படம் எடுத்து வைக்கலாம், கால் மணி நேரம் போதும் என்று போய்ச் சொன்னேன். சிரிக்காமல் சொல்லி முடித்ததே பெரும்பாடு. அவர் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

ஸ்டாண்டு இல்லாததால் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே வெட்டி மிஞ்சிய துணி, அந்தக் கட்டிங் வேஸ்ட் மூட்டை ஒன்றை வைத்து, அதில் கேமராவை அமுக்கி உட்கார வைத்தேன். வெள்ளிக் கிரகம் பளிச்சென்று இருந்ததால் அதைப் பார்த்து ஃபோகஸ் செய்தேன். நாலு செகண்டுக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் நட்சத்திரமெல்லாம் கோடாக இழுத்தது. முதல் படத்தில் மெல்லிய வெள்ளைத் தீற்றல் ஒன்று விழுந்திருந்தது. கூடவே வானம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள், பஞ்சு பறந்த மாதிரி. வெளிச்சம் போதாமல் கேமராவின் ஒளி உணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றியதால் வந்த வினை. அதற்கு வைத்தியம் ஏற்கனவே படித்திருந்தேன். ஒரே மாதிரி நாற்பது படம் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சராசரி பார்க்க வேண்டும். புள்ளி படத்துக்குப் படம் இடம் மாறுவதால் அடங்கிவிடும். வால்நட்சத்திரம் மட்டும் நிற்கும்.

பதினைந்தாவது படத்தில் பின்னால் செருப்புச் சத்தம். ஆதாரம் ஒழுங்காக எடுக்கிறேனா என்று பார்க்க மேனேஜரே வந்துவிட்டார். கேமரா யார்டைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இது எந்தத் துணி லாட்டுல வந்த கறைங்க?"

"லாட்டுல வர்லீங்க சார். வால்நட்சத்திரமுங்க."

வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் நெடுநேரம் மேற்கே பார்த்தார். வெள்ளிக்கு வலப்பக்கம் சற்று மேலே கை காட்டினேன். அவர் கண்ணுக்குத் தெரிந்ததோ இல்லையோ, எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். "இன்னொரு பத்து நிமிசம் லைட்டு அணைஞ்சே இருக்கட்டுமுங்க. ஆடிட் வேலை முடியல." அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய்.

நாற்பதும் முடிந்ததும் லென்ஸை மூடி, அதே நேர அளவில் இருபது படம் எடுக்க வேண்டும் என்றேன். சூடாகும்போது கேமரா தானாகவே இடம் மாறாத சில புள்ளிகளையும் வைக்கும். மூடி போட்டு எடுத்தால் அவை மட்டும் பதியும், பிறகு கழித்துவிடலாம் என்று விளக்கினேன். அவரே மூடியைப் போட்டு, ஒவ்வொரு கிளிக்கையும் எண்ணினார்.

கேமரா கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு, கார்டிலிருந்த வானத்துப் படங்களைக் கவனமாக அழித்தேன். கறுப்பாக இருந்த இருபதும் என் கண்ணில் படாமல் தப்பிவிட்டன. மறுநாள் காலை மீட்டிங்கில் முதலாளி முன்னால் திரையில் ஓட்டை வந்தது, கறை வந்தது, பிறகு கறுப்பு, மறுபடி கறுப்பு. இது என்ன என்று முதலாளி கேட்டார். நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"யார்டுங்க," என்றார் மேனேஜர். "லைட்ட அணைச்சு எடுத்தது."

"ஒண்ணுமே தெரியலீங்களே?"

"அத்தனையும் மிச்சமுங்க."

முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இனி தினமும் ஏழு மணியிலிருந்து அரை மணி நேரம் யார்டு விளக்கை அணைத்தே வைக்கச் சொல்லிவிட்டார். லோடுமேன்கள் செல்போன் வெளிச்சத்தில் பண்டல் ஏற்றிக்கொண்டே யாரையோ திட்டினார்கள். யாரென்று தெரிந்ததால் நான் யார்டுப் பக்கம் போகாமல் முன்வாசல் வழியாகவே வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் நாற்பதையும் சேர்த்தேன். முதலில் வால்நட்சத்திரம் இரண்டாக வந்தது. இரண்டாம் தடவை சரியாகப் பொருத்தியபோது புள்ளியெல்லாம் அடங்கி, வானம் வழுவழுவென்று, நடுவில் நீண்ட வாலோடு அது நின்றது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மேனேஜருக்கு அனுப்பியதும் போன் வந்தது.

"வாலு இன்னுங் கொஞ்சம் நீளமா வந்திருக்கோணுமுங்க. நாளைக்கி அறுபது எடுக்கலாமுங்களா?"

திங்கட்கிழமை நான் மாடி ஏறியபோது பெட்டிகளை அவர் அடுக்கி முடித்திருந்தார். மேற்கே மேகம் மூடியிருந்தது. மேகம் விலகுமா என்று ஏழரை வரை இருவரும் பார்த்துவிட்டு, பெட்டிகளை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.