இன்னாசியின் காருக்கு ஒரு மவுண்டிங்

கல்மண்டபத்தில், மீன் ஏற்றிய கைவண்டிகள் திரும்பும் முனையில் கமாலுதீனின் பட்டறை இருந்தது. உலகச் சண்டைக் காலத்தில் ராணுவ லாரிகளைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் வெல்டிங் கற்றுக்கொண்டவர். சண்டை ஓய்ந்து ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, சொந்தமாக ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார். கைவண்டிக்கு அச்சு, படகுக்கு இரும்புக் கொக்கி, உடைந்த கேட்டுக்குக் கீல் என்று எது வந்தாலும் செய்வார். அதிகம் பேசமாட்டார். அவரைப் பேச வைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் இன்னாசி.

இன்னாசி ஒரு கப்பல் ஏஜெண்டுத் துரையிடம் டிரைவர். ராயபுரத்தில் அடுத்த தெருவில் வீடு. வேலை முடிந்ததும் பட்டறைக்கு வந்து ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கமாலுதீனை அவர் "மாமு" என்பார், இவர் அவரை "நைனா" என்பார். அவர்கள் மனைவிமார், ஷரீஃபுன்னிசாவும் இருதயம்மாளும், ஆண்களைவிட நெருக்கம்.

நாற்பத்தேழில் துரை சீமைக்குக் கப்பலேறினார். ஷெட்டில் ஓடாமல் கிடந்த பச்சை நிறக் காரை, "நீயே வைத்துக்கொள்" என்று இன்னாசியிடம் விட்டுப்போனார். இரண்டே இருக்கை, தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு. சண்டைக்கு முன்னால் பந்தயத்துக்கென்று செய்த கார். அதன் இன்ஜினை அடிச்சட்டத்தில் தாங்கிப் பிடிக்கும் இரண்டு மவுண்டிங்கில் வலப்பக்கத்தது உடைந்திருந்தது. இன்னாசி மவுண்ட் ரோட்டுக் கடைகளில் எல்லாம் விசாரித்துவிட்டார். கம்பெனி அந்த மாடலையே நிறுத்தி வருஷக்கணக்காகிறது, பாகமும் வராது என்று சொல்லிவிட்டார்கள். தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கார் சில வருஷம் சும்மா கிடந்தது.

பிறகு சோழவரத்தில், சண்டைக் காலத்து விமான ஓடுதளத்தில், கார்ப் பந்தயம் விடுகிறார்கள் என்ற பேச்சு வந்தது. பழைய கார்களுக்குத் தனியாக ஒரு பந்தயம் உண்டு என்று தெரிந்த அன்றைக்கே இன்னாசி பட்டறைக்கு ஓடிவந்தார்.

"மாமு, இத்தினி வருசம் துரைங்களுக்கு ஓட்டிகினு இருந்தேன். ஒரு தபா எனக்காவ ஓட்டணும். அந்த மவுண்டிங்க நீ செஞ்சி குடு."

"நான் கார் வேல பாத்தவன் இல்ல நைனா. லாரி வேற, இது வேற."

"இரும்பு இரும்புதானே? உன் கையில வளையாதது எது கீது?"

கமாலுதீன் உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து, அட்டையில் வடிவம் வெட்டிப் பார்த்தார். கழித்துப்போட்ட கப்பல் தகட்டில் அதே மாதிரி அறுத்து, அராவி, பற்றவைத்துப் பொருத்தினார். இன்ஜினை முடுக்கியதும் கார் முழுதும் காய்ச்சல் கண்டவன் மாதிரி உதறியது. தண்ணீர்க் குழாய் பிய்த்துக்கொண்டது. இன்னாசி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கமாலுதீனுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டத்தில் பழைய மவுண்டிங் உட்கார்ந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தபோது கரும்பொடி ஒட்டியது. ரப்பர். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு ரப்பர் மெத்தை இருந்து, மக்கிப் பொடியாகிப் போயிருக்கிறது.

லாரி டயரை அறுத்து வைத்தார். ஆயில் பட்டு அது சேறு மாதிரி ஆனது. கடைசியில் மில்லில் கழித்துப்போட்ட பெல்ட், துணியும் ரப்பரும் அடுக்கடுக்காக ஒட்டிய பெல்ட், கிடைத்தது. அதை அடுக்கி வைத்து, புதிதாக ஒரு மவுண்டிங் செய்தார். பற்றவைத்த இடம் சட்டென்று ஆறினால் நொறுங்கும் என்று சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டார். இந்த முறை இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. இருவரும் காரில் ஏறித் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டோல்கேட் தாண்டிப் போய்வந்தார்கள். கமாலுதீன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன் என்று ஷரீஃபுன்னிசா பின்னாளில் சொல்வார்.

திரும்பி வந்ததும் கமாலுதீன் மறுபடி குனிந்து பார்த்தார். இடப்பக்கத்துப் பழைய மவுண்டிங்கில் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது.

"நைனா, இது கம்பெனி போட்டது. இதுவும் களைச்சிப் போயிருக்கும். இதையும் மாத்திடலாம்."

"ஓடிகினு கீற வண்டிய மறுக்காப் பிரிக்கச் சொல்றியா? பந்தயம் முடியட்டும் மாமு, அப்பால பாத்துக்கலாம்."

கமாலுதீன் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். இன்னாசியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

பந்தயத்தன்று வெயில் கொளுத்தியது. ஓடுதளத்தின் ஓரம் நெடுகத் தார் டிரம்களை நிறுத்தியிருந்தார்கள். பச்சைக் கார் முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தது, அடுத்த சுற்றில் இரண்டாவதாக. கமாலுதீன் தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிக் கத்தினார். அதற்கடுத்த வளைவில் கார் திரும்பவில்லை. வேகமும் குறையவில்லை. டிரம்களைச் சிதறடித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கவிழ்ந்தது.

ஆட்கள் ஓடினார்கள். கமாலுதீனும் ஓடினார். கூட்டத்துக்கு நடுவே எவனோ காரின் அடியில் பார்த்துவிட்டுக் கத்தினான்: "மவுண்டிங் ஒடஞ்சிட்சிப்பா! இன்ஜினு சாஞ்சி ஆக்சிலேட்டர இஸ்துகினு கீது!"

அந்த வார்த்தையில் கமாலுதீனின் கால்கள் நின்றுவிட்டன. தன் கையால் செய்ததுதான் உடைந்திருக்கும் என்று நினைத்தார்; எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றவில்லை. இன்னாசியைத் தூக்கி ஜீப்பில் ஏற்றுவதைத் தூரத்திலிருந்துதான் பார்த்தார். வலது கை துணியைப்போலத் தொங்கியது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். கையும் தப்பியது, ஆனால் முழங்கைக்குக் கீழே விளங்கவில்லை. டிரைவர் வேலை அதோடு போயிற்று.

கமாலுதீன் மறுநாள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனார். இருதயம்மாள் மரத்தடியில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் என்ன சொல்வது? நான் செய்து கொடுத்த இரும்புதான் உன் புருஷன் கையை எடுத்தது என்றா? திரும்பி வந்துவிட்டார். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தார். ஒரு வாரம் போனபின், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் தேட வேண்டியிருந்தது. ஒரு மாதம் போனபின் அந்தக் கேள்வியே பெரிதாகிவிட்டது.

ஷரீஃபுன்னிசா தூக்குச் சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போய் வந்தார்.

"அந்த அண்ணே வாசலையே பாத்துகினு கெடக்குறாரு. மாமு எப்ப வருவான்னு கேக்குறாரு. ஒரு நட போய்ட்டு வாங்களேன்."

"நீ போனது போதும். இனிமே போவாத."

அவர் குரலை உயர்த்தி ஷரீஃபுன்னிசா கேட்டதில்லை. அன்று கேட்டார்.

அந்த வருஷமே கல்மண்டபத்துப் பட்டறையை மூடிவிட்டு, டோல்கேட்டுக்கு அப்பால் கொட்டகை போட்டார். வாடிக்கைக்காரர்கள் காரணம் கேட்டால் இடம் போதவில்லை என்பார். கார் வேலை என்று யார் வந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

நான்கு வருஷம் கழித்து, ஒரு கேட்டுக்கு இரும்பு தேடித் திருவொற்றியூரில் ஒரு காயலான் கடைக்குப் போனார். கொதிகலன்களுக்குப் பின்னால், துரு ஏறிய பச்சை நிறத்தில், அந்தக் கார் கிடந்தது. சக்கரமில்லை, இருக்கையில்லை. இன்ஜின் மட்டும் சாய்ந்தபடி இருந்தது. கமாலுதீன் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டார். அவர் செய்த மவுண்டிங் அப்படியே இருந்தது. பெல்ட்டுத் துண்டுகூட நகரவில்லை. உடைந்திருந்தது இடப்பக்கத்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. நான்கு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. இனி இன்னாசியின் முகத்தைப் பார்க்கலாம். கடைக்காரனிடம் சொல்லித் தன் மவுண்டிங்கையும் உடைந்ததையும் கழற்றி, துணியில் சுற்றிக்கொண்டார்.

இன்னாசி அப்போது எண்ணூரில் இருந்தார். ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்திருந்த நேரம் கமாலுதீன் போய்ச் சேர்ந்தார். இன்னாசிக்குத் தலை நரைத்துப்போயிருந்தது. இன்னாசி எழுந்து, இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க பாய். உக்காருங்க."

அந்த "பாய்" கமாலுதீனுக்குப் புதிது. உட்காராமலே துணியைப் பிரித்தார்.

"நைனா, இத பாரு. நான் செஞ்சது ஒடையல. அந்தப் பக்கத்துதுதான்…"

இன்னாசி இரும்பைத் தொடவில்லை. உடைந்த துண்டைச் சற்று நேரம் பார்த்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் பாய். கவுந்து கெடந்தப்பவே கண்ணு முன்னால பாத்துட்டேன். நீங்க மாத்தணும்னு சொன்னீங்க, நான்தான் அப்பால பாக்கலாம்னேன். தப்பு என்னுது. அத உங்களாண்ட சொல்லணும்னுதான் ஆஸ்பத்திரில காத்துகினு இருந்தேன்."

"எனக்குத் தெர்லியே நைனா…"

"நீங்க வர்ல. மாமு நம்ம மேல கோவமா கீறான், சொன்ன பேச்ச கேக்கலன்னு கோவம் போலன்னு நெனச்சேன். அப்பால ஆஸ்பத்திரிலேந்து வூட்டுக்கு வந்தேன். உங்க பட்டறைக்கு ஒரு நாளு வந்தேன், பூட்டிக் கெடந்துச்சி."

இருதயம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். ஷரீஃபுன்னிசாவை விசாரித்தாள். கமாலுதீன் டீயைக் குடித்தார். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தபோது, "அதெல்லாம் இன்னாத்துக்கு பாய், முடிஞ்சி போச்சி" என்று இன்னாசி முந்திக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. தெருவில் இடித்துக்கொண்டவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்கப்புறமும் கமாலுதீன் சில ஞாயிற்றுக்கிழமைகள் போனார். நாற்காலி வந்தது, டீ வந்தது. மழை, அரிசி விலை, துறைமுகத்தில் புதிதாக வந்த கிரேன் எல்லாம் பேசினார்கள். பேச்சு தீர்ந்ததும் இருவரும் உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு போவதும் குறைந்தது.

ஐம்பத்தொன்பதில் இன்னாசி மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. தபாலில் வந்தது. ஷரீஃபுன்னிசா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தலைவலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டார். கமாலுதீன் மட்டும் போனார். ராயபுரம் மாதா கோயில் வாசலில் இன்னாசி மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவந்து கைகாட்டினார்.

"இவரு கமாலுதீன் பாய். முன்ன நம்ம தெருவாண்ட பட்டறை வச்சிருந்தாரு."

கமாலுதீன் கையைக் குவித்தார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மொய்யை எழுதிவிட்டு பஸ் ஏறினார். வீட்டில் ஷரீஃபுன்னிசா, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஒயுங்கா கவனிச்சாங்க. சாப்பாடு நல்லா இருந்துச்சி," என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.