வாபஸ் வாங்கிய ஆமென்

பேச்சு திரும்பாது என்று டாக்டர் கைவிட்ட கணவனைப் பேச வைத்தாள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில், நான்கு வருஷம் படுத்துக் கிடந்த அந்த உடம்பில் ஒரு படுக்கைப்புண் வரவிடவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவு முழுவதற்கும் மேற்பார்வையாளர் ஆனாள். கட்டட உரிமையாளரோடு மல்லுக்கு நின்று மாடிக்குக் குழாய் போடவைத்தாள். அந்தத் தண்ணீரில்தான் பக்கத்து வீட்டுக்காரர்களும் இன்று குளிக்கிறார்கள்.

இவ்வளவும் என் தங்கை ஜெயித்தவை. கூடப்பிறந்தவன் என்பதற்காகக் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் போன வருஷம் எங்கள் திருச்சபை மலரில் அவளைப் பற்றி, "ஒரு நாளும் நம்பிக்கை தளராத சகோதரி" என்று ஒரு வரி வந்தது. அப்படி எழுதச் சொன்னவன் நான். அது தவறு, திருத்திப் போடுங்கள் என்று அவளே கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

அவள் கணவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். சரக்கு வேன் ஓட்டினார். வேனில் இருந்த நிஜ ரேடியோ வேலை செய்யாது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வாய் ஓயாத மனிதர். ஒரு காலையில் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதத்தில் வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கண் திறந்திருக்கும், யார் எது சொன்னாலும் சுவரைப் பார்த்த ஒரே பார்வைதான். "அவருக்கு ஆளு தெரியுதாங்கிறதே சந்தேகம்தான்" என்றார் டாக்டர்.

தங்கை மதியம் ஷிஃப்ட் முடிந்து வருவாள். அவரைப் புரட்டுவாள், துடைப்பாள், விரிப்பு மாற்றுவாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபிப்பாள். அவளுக்கு மனசுக்குள் ஜெபிக்க வராது. சலவை இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. கடவுளிடமும் அதே சத்தத்தில்தான் பேசுவாள்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிறவர்கள் வாசல் மேசையில் இருக்கும் பதிவேட்டில் முதலில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் விரல் ரேகை வைக்கலாம். அவளும் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் விழுந்த இரண்டாம் வருஷம் திடீரென்று நிறுத்திவிட்டாள்.

"எல்லாரும் பேனா பிடிக்கிற இடத்துல நான் மட்டும் மையில விரலை முக்கிக்கிட்டு நிக்கணுமா?" என்றாள்.

போதகர் வீட்டுக்கே வந்து ரேடியோவுக்கு நற்கருணை கொடுப்பார். அப்பத்தை ரசத்தில் நனைத்து ஊட்டுவதும், வாயோரம் வழிவதைத் துடைப்பதும் அவள்தான்.

"நீயும் வாங்கிக்கம்மா. இங்க யாரு ரேகை பாக்கப் போறா?"

"எழுதக் கத்துக்கிட்டு வாங்கிக்கிறேன் ஐயா."

நான் நம்பினேன். பேனாவும் தாளுமாகக் கற்றுக்கொடுக்கவும் உட்கார்ந்தேன். "அடுப்புல வெச்சிருக்கேண்ணே" என்று எழுந்து போய்விடுவாள். அடுப்பு அணைந்துதான் இருக்கும்.

பிறகு ரேடியோவுக்கு ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்ப ஆரம்பித்தது. சபை முழுக்க அவளைக் கொண்டாடியது. மலரை நான் படித்துக் காட்டிய அன்று அவள் முகம் சுண்டிப்போனது. வழியனுப்ப வந்தவள் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அதுல போட்டிருக்கிறவ நான் இல்ல. அவரை எடுத்துக்கோன்னு நான் ஜெபம் பண்ணியிருக்கேன்."

இறங்கியிருந்த இரண்டு படியைத் திரும்ப ஏறினேன்.

"ரெண்டாவது வருஷம். விரிப்பு மாத்தி முடிக்கல, மறுபடியும் நனைச்சிட்டாரு. அப்படியே தரையில உக்காந்துட்டேன். 'போதும், இவரை எடுத்துக்கோ'ன்னு கேட்டேன். அவரு கஷ்டப்படுறாருன்னு மட்டும் கேக்கலண்ணே. எனக்கு முடியலன்னுதான் கேட்டேன். அந்த வாரம் பூரா கேட்டேன்."

"யாருக்குத் தெரியும்? விட்டுத் தள்ளு" என்றேன், பெரிய மனிதன் போல.

"ஒவ்வொரு வார்த்தை வரும்போதும் எல்லாரும் என் கையைப் பிடிச்சு, 'எல்லாம் உன் ஜெபம்'கிறாங்க. என் ஜெபம் கேட்டிருந்தா அவரு இப்ப இருக்கவே மாட்டாரு."

"சரி, என்ன பண்ணப் போற?"

"அவர்கிட்ட சொல்லணும். சொல்லாம நற்கருணை மேசைக்கு என்னால போக முடியாது. ஆனா இதைக் கேட்டுட்டு அவரு மறுபடியும் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டாருன்னா? வந்த பேச்சும் போயிடுச்சுன்னா?"

அந்தப் பயத்தோடு மாதங்கள் போயின. ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்தாள், பெஞ்சு துடைத்தாள், பாடினாள். மேசைக்கு மட்டும் போகவில்லை. வீட்டில் ஜெபத்தையும் விடவில்லை.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஜெபம் பண்ற?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"இதே மூஞ்சிதான். வேற யார்கிட்டண்ணே போறது?"

சனிக்கிழமை அவருக்குச் சவரம் செய்கிற நாள். அவரைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்காரவைக்க நான் போவேன். அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, பாதிக் கன்னத்தில் சவரக்கத்தியை நிறுத்திவிட்டு, என்னிடம் சொன்ன அத்தனையையும் அவரிடம் சொன்னாள். எனக்காகத்தான் கேட்டேன் என்பதையும் விடவில்லை. கத்தி அவர் கன்னத்தருகிலேயே இருந்தது.

அவர் தலையணையில் தலையை லேசாக அசைத்தார். சுவரைப் பார்க்கத்தான் திரும்பப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"மொதல்ல... கத்திய... கீழ வை" என்றார்.

வைத்தாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ என்ன... மெதுவாவா... ஜெபம் பண்ற? தெருவுக்கே... கேக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நானும்... ஆமென்... சொன்னேன்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் என்ன ஆச்சு, மாப்பிள்ளை?" என்று நான்தான் கேட்டேன்.

"அந்த வாரம்... சவரம் பண்றேன்னு... மீசையில... ஒரு பக்கத்தை... எடுத்துட்டா, மச்சான். இந்த மூஞ்சியோட... மேல... எப்படிப் போறது? அந்த ஆமெனை... வாபஸ்... வாங்கிட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"விளையாடாதீங்க. நான் கேட்டது கேட்டதுதான்."

அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "கேட்டதுதான்... இல்லேங்கல. மறுநாளும்... விரிப்பு மாத்துனியே. அதுவும்... மாத்துனதுதான்."

கத்தியை எடுத்து மறு கன்னத்தையும் முடித்தாள். மீசைப் பக்கம் வந்தபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கை பழகுவதற்காக அவர் அப்போது இடது கையால் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் சிலேட்டை அவள் பக்கம் தள்ளினார். "ரெண்டு பேரும்... ஒரே கேஸ்தான். மேசைக்கு... சேந்தே... போவோம்." அவர் எழுத்தே கோழி கிளறியது போல இருக்கும். அதைப் பார்த்து அவள் தன் பெயரை எழுதினாள். இந்த முறை அடுப்பில் எதுவும் இல்லை.

அடுத்த முதல் ஞாயிறு, பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ரேடியோவை நாற்காலியோடு தூக்கி மூன்று மாடியும் இறக்கினோம். எங்களுக்கு மூச்சு முட்டியது. அவர் வழியெல்லாம் எங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தார்.

வாசல் மேசையில் அவருக்குப் பிறகு அவள் குனிந்தாள். மெதுவாக எழுதினாள். பின்னால் வரிசை நின்றது, யாரும் முணுமுணுக்கவில்லை. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது.

"மனசு லேசாயிடுச்சா?" என்றேன்.

"இல்லண்ணே. அதையும் தூக்கிக்கிட்டுதான் போறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நற்கருணை மேசையை நோக்கிப் போனாள்.

பதிவேட்டில் அந்தக் கையெழுத்துக்கு எதிரே உள்ள தேதி: 2019, ஜூன் 2.