நறநறத்த ஐஸ்கிரீம்

எங்கள் ஐஸ்கிரீம் கம்பெனி எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால், பால், சர்க்கரை, உழைப்பு என்று என் வீட்டுக்காரர் அடுக்குவார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உழைப்பாம் உழைப்பு. அடிதடியில் வளர்ந்த கம்பெனி அது.

ஆய்க்குடி போகிற சாலையில் ஒரு தகர ஷெட்டில் குச்சி ஐஸ் போட்டுத்தான் ஆரம்பித்தோம். பிறகு கப், கோன், ஒரு வேன். இந்தத் தொழிலில் ருசியெல்லாம் இரண்டாம்பட்சம். கடை வாசலில் யாருடைய ஃப்ரீசர் பெட்டி நிற்கிறதோ, அந்தக் கடை அவனுக்கு. பெட்டியை நாம் சும்மா கொடுப்போம். அதற்குள் நம் சரக்கு மட்டும்தான் இருக்க வேண்டும். வீரகேரளம்புதூரில் ஒரு கடைக்காரர் எங்கள் பெட்டிக்குள் வேறு கம்பெனி கப்பை ஒளித்து வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் அத்தனையையும் நடுரோட்டில் கொட்டி மிதித்தார். தடுக்க வந்த மனுஷனின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் எங்கள் பெட்டிக்குள் கை வைக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

குற்றாலம்தான் எங்களுக்குச் சோறு. வெயில் காலத்தைவிடச் சாரல் காலத்தில்தான் அங்கே விற்பனை. அருவியில் நனைந்து, பல் தந்தியடிக்க, துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நிற்கிறவன்தான் ஐஸ்கிரீம் கேட்பான். அந்தக் கடைத்தெருவில் பாதிப் பெட்டிகள் எங்களுடையவை. மீதிப் பாதி, செங்கோட்டை சாலையில் கம்பெனி வைத்திருந்த ஓர் அண்ணாச்சியுடையவை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு சீசனில் அவருடைய ஆட்கள் எங்கள் டிரைவரை வேனிலிருந்து இழுத்துப் போட்டு, முன்பல் இரண்டையும் உடைத்து அனுப்பினார்கள். எதற்கு அடித்தார்கள் என்று அந்தப் பையனுக்கே தெரியவில்லை.

அதே சீசனில்தான் எங்கள் ஐஸ்கிரீம் வாயில் வைத்தால் நறநறவென்று மணல் மாதிரி இருக்கிறது என்று புகார் வந்தது. உருகி மறுபடி உறைந்தால்தான் அப்படி ஆகும். கரண்ட் நின்றிருக்க வேண்டும். இவர் யோசிக்கவே இல்லை.

"ஏட்டி, அந்த செங்கோட்டை ரோட்டுக்காரன்தான் ராத்திரி ஆள விட்டு பிளக்கப் புடுங்குதான். அவன் கைய ஒடிக்காம வுடமாட்டேன்."

சொன்னபடியே செய்தார். தென்காசிப் பஜாரில், பட்டப்பகலில், அண்ணாச்சியின் வலது மணிக்கட்டை இரும்புக் கம்பியால் அடித்து ஒடித்துவிட்டு வந்து, சாப்பாடு போடச் சொன்னார். கேஸ் வந்தால்கூடப் பரவாயில்லை. அவர்கள் கேஸ் போடவில்லை. அப்படியென்றால் திருப்பி வரப்போகிறார்கள் என்று அர்த்தம். இவர் உயிரோடு இருக்கப்போவதில்லை என்று என் மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

பிளக்கைப் பிடுங்கியது யார் என்று தெரிந்தால் பேசித் தீர்க்கலாம் என்று மறுநாள் விடிந்ததும் குற்றாலத்துக்குப் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் பெட்டி வைத்திருந்த ஒரு சிப்ஸ் கடை அக்கா அப்போதுதான் கடையைத் திறந்தாள். முதல் வேலையாகக் குனிந்து எங்கள் பெட்டியின் பிளக்கை எடுத்துச் சொருகினாள்.

"அக்கா, இத யாரு புடுங்குனா?"

"நாந்தான். கட சாத்தும்போது புடுங்கிருவேன். இந்தக் குளுருல அதுக்கு என்னத்துக்குக் கரண்டு? ஊரே ஐசா கெடக்கு. இந்த வரிசைல எல்லாரும் அப்பிடித்தான் செய்யுதோம்."

எங்கள் பெட்டி மட்டுமா என்று கேட்டேன். அண்ணாச்சி பெட்டியும்தான் என்றாள். அப்போதுதான் எங்கள் டிரைவரின் பல் ஏன் போனது என்று எனக்குப் புரிந்தது. அவர் சரக்கின் நறநறப்புக்கு நாங்கள்தான் காரணம் என்று அண்ணாச்சி நினைத்திருக்கிறார்.

இவரிடம் சொன்னால் கம்பியோடு சிப்ஸ் கடைக்கு வந்துவிடுவார். அதனால் ஆட்டோ பிடித்து நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, மிச்சக் கையையும் பாத்துட்டுப் போவ வந்தியா?"

அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது.

"எங்க சரக்கும் நறநறன்னுதாம்மா இருந்துச்சு. ஒன் வீட்டுக்காரன் வேலைன்னுல்லா நெனச்சேன்." பிறகு எழப்பார்த்தார். "பயலுவோ இப்பதான் ஒங்க ஷெட்டுக்குக் கெளம்புனானுவோ. போன எடு, போன எடு."

அவர் சட்டைப் பையிலிருந்து நானே செல்லை எடுத்து, அவர் சொன்ன பேரைத் தேடி அழுத்தி, அவர் காதில் வைத்துப் பிடித்தேன்.

"ஏலே, திரும்பி வாங்கலே. அவன் மேல தப்பில்ல."

பதில் எனக்கும் கேட்டது.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

நான் போய்ச் சேர்ந்தபோது ஷெட் தரையில் பாலும் ரத்தமும் கலந்து ஓடியிருந்தது. இவருடைய இடது தோளில் ஆழமான வெட்டு. பால் காய்ச்சுகிறவர் கொதிக்கிற பாலை அவர்கள் மேல் வீசியதால் இரண்டாவது வெட்டு விழவில்லை. உயிர் தப்பியது. கை தப்பவில்லை, இன்றைக்கும் அது சும்மா தொங்குகிறது.

அதற்குப் பிறகு நானும் அண்ணாச்சியும் பேசி முடித்தோம். எல்லாப் பெட்டிகளுக்கும் பிளக்கே இல்லாமல் நேரடியாக வயர் கொடுத்தோம். ஐந்தருவிப் பக்கம் அவருக்கு, பழைய குற்றாலம் எங்களுக்கு. நறநறப்பு போயிற்று, கம்பெனியை நான் நடத்தினேன், வளர்ந்தது. இப்போது எங்கள் வண்டி சங்கரன்கோவில் தாண்டிப் போகிறது.

பிளக்கைப் பிடுங்கியது அண்ணாச்சி என்றுதான் இவர் இன்றுவரை நம்புகிறார். தினமும் ஏசுகிறார். உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று ஒருநாள் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"வேண்டாம்மா. நான்தான்னே இருக்கட்டும். என் கைய ஒடிச்சான், அவன் கைய வெட்டியாச்சு, கணக்கு முடிஞ்சிட்டு. அந்த சிப்ஸ் கடப் பொம்பளைக்கு யாரு இருக்கா?"

சிப்ஸ் கடை அக்கா சீசனுக்குச் சீசன் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்துவிடுகிறாள். நல்ல மனுசி என்று சொல்லிக்கொண்டே, அந்த ஒற்றைக் கையால் இவர் அள்ளி அள்ளித் தின்கிறார்.