மூவருக்கும் ஒரே ஐடி

வெயிலில் கொதித்த தெருவிலிருந்து உள்ளே நுழைந்ததும் வெறுங்காலில் ஏறும் தரையின் சில்லிப்புதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ‘பிரவுசிங் சென்டரில்’ செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்; தூசி போனால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்பது அதை நடத்திய அண்ணனின் கணக்கு. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். உள்ளே ஏ.சி.யின் ஈர வாடை, தட்டித் தட்டி எழுத்து அழிந்துபோன கீபோர்டு, பலகைத் தடுப்புக்குள் ஒரே நாற்காலி. அந்த நாற்காலியில் எப்போதும் நான்தான் உட்காருவேன். இரண்டு பக்கமும் ஹேமாவும் ஆயிஷாவும் நின்றுகொண்டிருப்பார்கள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்த கோடை அது. ஹேமா மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. ஆயிஷா புத்தூர்க்காரி. ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இப்போது ஹேமாவை நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கப் போகிறார்கள், ஆயிஷாவின் அத்தா குடும்பத்தையே துபாய்க்கு அழைத்துக்கொள்ளப் போகிறார், நான் மட்டும் அதே தெருவில் அதே வெயிலில் கிடக்கப் போகிறேன் என்பது தெரிந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் போன் இருந்தது. ஆனால் வெளிநாட்டுக்குப் பேசுவது கல்யாணச் செய்திக்கும் சாவுச் செய்திக்கும் மட்டும்தான். ஆகவே கம்ப்யூட்டரில் ‘சாட்’ பண்ணுவது என்று முடிவானது. எதில் என்பதில்தான் சண்டை.

மூன்று இருந்தன. பெயர்கள் வாயில் நுழையாததால் படத்தை வைத்து ‘பூ’, ‘ரெட்டைப் பொம்மை’, ‘சிரிப்பு மூஞ்சி’ என்று கூப்பிடுவோம். ஆயிஷாவுக்குப் பூதான் வேண்டும்.

“எங்க அண்ணன் அதுலதான்டி இருக்கான். அதுல ஆளுக்கொரு நம்பர் தருவாங்க.”

“ஆளுக்கொரு நம்பரா? நாம என்ன ஜெயில்லயா இருக்கோம்?” என்றேன் நான். எனக்குச் சிரிப்பு மூஞ்சி வேண்டும். சென்டரில் எல்லாரும் அதைத்தான் திறந்து வைத்திருந்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. நான் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதுதான் நடக்க வேண்டும். அப்படி ஒரு குணம் அப்போது எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது என்பார் என் கணவர். “எதுவா இருந்தா எனக்கென்ன, ஹாஸ்டல்ல கம்ப்யூட்டரைக் கண்ணுலயே காட்ட மாட்டாங்களாம்” என்று ஹேமா ஒதுங்கிக்கொண்டாள்.

எங்கள் தெருவில் எதிலும் முடிவுக்கு வர முடியாவிட்டால் சீட்டு எழுதிப் பெருமாள் படத்துக்கு முன்னால் போட்டு எடுப்பார்கள். பெண்ணுக்கு எந்த வரன், வீடு கட்ட எந்தக் கொத்தனார் என்பது வரைக்கும் சீட்டுதான். நாங்களும் ஆயிஷாவின் ஜாமெட்ரி பாக்ஸில் மூன்று சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, அவளையே கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னோம். சிரிப்பு மூஞ்சி வந்தது. வராமல் எங்கே போகும்? எழுதியவள் நான். மூன்றிலும் அதைத்தான் எழுதியிருந்தேன். மிச்சம் இரண்டையும் அவள் பிரிக்கப் போனபோது, “மத்ததைப் பிரிச்சா பலிக்காதுடி” என்று பிடுங்கிக் கசக்கி எறிந்தேன். அவள் நம்பினாள். யார் என்ன சொன்னாலும் நம்புகிறவள் அவள்.

அதோடு விட்டேனா? வீட்டுக்கு ஒரு போன், ஒரு ரேஷன் கார்டு என்று வளர்ந்தவளுக்குச் சிநேகிதிகளுக்கும் ஒரே ஐடி என்பதுதான் நெருக்கம் என்று பட்டது. மூவரின் பெயரிலிருந்தும் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஓர் ஐடி, மூவரின் வருகைப்பதிவு எண்களைச் சேர்த்து ஒரு பாஸ்வேர்ட். “மூணு பேரும் ஒரே ஆளா இருந்தா யாரு யாரோட பேசுறது?” என்று ஆயிஷா அன்றைக்கே கேட்டாள். “உள்ள வந்துட்டா பேசிக்கலாம்டி” என்றேன், எல்லாம் தெரிந்தவள்போல. ஞாயிற்றுக்கிழமை அங்கே பள்ளிக்கூடம் உண்டு, மத்தியானம்தான் விடுவார்கள் என்று அவள் சொன்னதால், நம் ஊர் நேரம் சாயங்காலம் ஐந்து மணி என்று பேசிக்கொண்டோம். புது வீட்டு விலாசத்தைக்கூட அதிலேயே அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் ஞாயிறு நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன். “ஞாயித்துக்கிழமை வந்தா இவளுக்குக் கால் தரையில பாவாது” என்று அம்மா பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. நாற்காலியைப் பிடித்துக் காத்திருந்து, சரியாக ஐந்து மணிக்கு எங்கள் ஐடியில் நுழைந்தேன். பேசுவதற்கு அங்கே யாருமே இல்லை. பட்டியல் காலியாக இருந்தது. இருந்த ஒரே ஆள் நான். கால்களை ஆட்டியபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெட்டி எழும்பி, வேறொரு கம்ப்யூட்டரில் நீங்கள் நுழைந்திருப்பதால் இங்கே வெளியேற்றப்படுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னது. மறுபடி நுழைந்தேன். மறுபடி வெளியே தள்ளியது. ஆறு முறையோ ஏழு முறையோ நுழைந்து நுழைந்து தள்ளுப்பட்டு, அழாத குறையாக அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “யாரோ உன் ஐடியைத் திருடுறாங்க பாப்பா. உடனே பாஸ்வேர்டை மாத்திடு” என்றார்.

மாற்றினேன். திருடன் தொல்லை அத்தோடு ஒழிந்தது. அந்தப் பெருமையில் அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஆயிஷா வரவில்லை. திரையையும் வாசலையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். வெளியே போய்ச் செருப்புகளைப் பார்த்துவிட்டு வருவேன், துபாயில் இருக்கிறவளின் செருப்பு இங்கே எப்படிக் கிடக்கும் என்றுகூடத் தோன்றாமல். ஆடி போய் ஐப்பசி வந்தது. புது ஊர், புது சிநேகிதிகள், நம்மை மறந்துவிட்டாள் என்று அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. பள்ளியில் அவள் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவேன்.

அரையாண்டு லீவுக்கு ஹேமா வந்தாள். ஹாஸ்டல் சாப்பாட்டில் பாதியாகியிருந்தாள். நான் திருடனைப் பிடித்த கதையைக் கை காலெல்லாம் ஆட்டிச் சொல்லி முடித்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தக் கிழமை? எத்தனை மணிக்கு?”

“ஞாயித்துக்கிழமை. அஞ்சு மணிக்கு.”

“அடிப்பாவி. அது ஆயிஷாடி.”

நான் நுழைந்தபோதெல்லாம் அவள் அங்கே தள்ளுப்பட்டிருக்கிறாள். விடாமல் திரும்பித் திரும்பி வந்திருக்கிறாள். கடைசியில் நான் பூட்டையே மாற்றிவிட்டேன். அவள் வேறோர் ஐடி திறந்து எழுதியிருக்கலாமே, தபாலில் ஒரு கடிதம் போட்டிருக்கலாமே என்று இன்று யாரும் கேட்கலாம். நானும் ஹேமாவிடம் கேட்டேன். “வேண்டாம்னு கதவைச் சாத்துன வீட்டுக்கு நீ போவியா?” என்றாள்.

என்றாவது ஒரு ஞாயிறு அவள் தட்டிப் பார்க்க மாட்டாளா என்று, அன்றே ஓடிப்போய்ப் பழைய பாஸ்வேர்டைத் திரும்ப வைத்தோம். அந்த ஐடியோடு வந்த மெயிலில், எங்கள் ஐடியிலிருந்து எங்கள் ஐடிக்கே ஒரு கடிதம் எழுதினேன், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி. நடந்ததையெல்லாம் சொன்னேன். சீட்டு மூன்றிலும் ஒரே பெயரை எழுதியதையும் சொன்னேன். ஆளுக்கொரு நம்பர் தரும் பூவைத் தேர்ந்தெடுத்திருந்தால் இப்படி ஒருவரையொருவர் தள்ளியிருக்கவே மாட்டோம், தப்பு முழுக்க என்மேல்தான் என்றேன். பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்த ஹேமாவுக்கும் சீட்டு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். படிக்காத கடிதம் தடித்த எழுத்தில் நிற்கும், யாராவது திறந்தால் எழுத்து மெலிந்துவிடும். அந்தத் தடித்த வரியைத் தொடாமல் விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த ஞாயிறு ஏகாதசிக் கூட்டம். தெருவெல்லாம் வெளியூர் ஜனம். இரண்டு தெரு தாண்டுவதற்குள் நானும் ஹேமாவும் கூட்டத்தில் சிக்கிப் பிழிந்தெடுக்கப்பட்டோம். ஐந்தரைக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. கடிதம் இன்னும் தடித்தே இருந்தது. ஹேமா இந்த முறை நாற்காலியில் என்னோடு பாதி உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு மூஞ்சியில் நுழைந்து இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் போயிருக்கும். பெட்டி எழும்பியது. வேறொரு கம்ப்யூட்டரில் நீங்கள் நுழைந்திருப்பதால்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் வெளியே தள்ளப்பட்டு அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. பழக்கதோஷத்தில் என் கை மறுபடி நுழையப் போனது. ஹேமா மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். “தொடாதடி. அவ படிக்கட்டும்.”

கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரம் போல நீண்ட நேரத்தை நான் பார்த்ததில்லை. நேரம் முடிகிறது என்று அண்ணன் குரல் கொடுத்த பிறகுதான் மெயிலைத் திறந்தோம்.

கடிதத்தின் எழுத்து மெலிந்திருந்தது. படித்திருக்கிறாள். பதில் இல்லை.

அடுத்த ஞாயிறும் இல்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. யாரும் என்னை வெளியே தள்ளவில்லை. பூட்டை மாற்றியதற்கான கோபமா, சீட்டில் ஏமாற்றியதற்கான கோபமா, இல்லை அவளுக்கும் அங்கே நேரம் முடிந்து யாராவது எழுப்பிவிட்டார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. புத்தூர் வீட்டில் வேறு குடித்தனம் வந்திருந்தது. அவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை.

இப்போது காட்டூரில் இருக்கிறேன். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். செருப்போடே உள்ளே போகலாம். சிரிப்பு மூஞ்சியை ஒருநாள் மூடிவிட்டார்கள், அதோடு எங்கள் ஐடியும் கடிதமும் போயின. என் போனில் இப்போது பேசுவதற்கு நாலு ஆப் இருக்கின்றன. நாலிலும் ஹேமா இருக்கிறாள், காலை வணக்கம் அனுப்பியே கொல்கிறாள். தேடினால் ஆயிரம் ஆயிஷாக்கள் வருகிறார்கள். பதினைந்து வயது முகத்தை வைத்துக்கொண்டு நான் யாரை என்று கண்டுபிடிப்பது?

போன ஞாயிறு என் மகள் பள்ளி மாறிப் போகும் தோழிகளோடு பேச எந்த ஆப் நல்லது என்று என் போனைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஓர் அறிவிப்பு வந்தது: உங்கள் கணக்கில் வேறொரு கருவியிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள். உள்ளறையில் என் கணவர் பழைய டேப்லெட்டை எடுத்துத் தட்டியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. “அம்மா, யாரோ ஹேக் பண்றாங்க! பாஸ்வேர்டை மாத்திடவா?” என்று அவள் பதறினாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“கொஞ்ச நேரம் இருடி. தொடாதே.”