கோலார் சுரங்கத்தில் கண்ட நவஹோ நியாயம்

காலை ஏழு மணிக்குப் பௌரிங்பேட்டையில் சுரங்க ரயில் ஏறினேன். கோலார் தங்கவயலின் கோரமண்டலுக்கு ஆறேழு மைல்தான். மூன்றாம் வகுப்புக்கு இரண்டணா வாங்கிக்கொண்டு குலுக்கி எடுத்துவிட்டார்கள். ஊரில் தம்பி மேல் நான் போட்ட கிணற்று வழக்குக்கு அது ஆறாவது வருஷம். சாட்சி சொல்லத் தாய்மாமனைக் கையோடு வேலூர் கோர்ட்டுக்கு அழைத்துப் போக வந்தேன். மாமா கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு மேஸ்திரி.

எட்டு மணிக்கு அவர் வீட்டை அடைந்தால், "சாயங்காலம் வரைக்கும் எங்கியும் வர முடியாதுப்பா. முனுசாமி பொழப்பு தொங்கிக்கினு கீது" என்றார்.

முனுசாமி, சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாயில் பெல் அடிக்கிறவன். ஆட்கள் ஏறியதும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை இறக்கலாம் என்று இஞ்சின்காரருக்கு மணியடித்துச் சொல்வது அவன் வேலை. முந்தின வாரம் குப்பன் என்பவன் முழுதாக ஏறும் முன்பே முனுசாமி மணியை அடித்துவிட்டான். குப்பனுக்குக் கால் முறிந்தது. விதிப்படி முனுசாமிக்கு வேலையும் போகும், லைன் வீடும் போகும். ஆனால் ஃபோர்மன் துரை, மாலைக்குள் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். கோர்ட்டுப் படியேறிச் செருப்புத் தேய்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது.

பத்து மணிக்குத் தட்டி வீடுகளின் நடுவே இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் கூடினார்கள். கல் இடிக்கும் மில்லின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்தது. துரையும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். அமெரிக்கச் சுரங்கங்களில் வேலை பார்த்தவர். தமிழை நம் ஆட்களிடமே கற்றவர். தீர்ப்பை இவர்கள் கையில் எப்படி விட்டீர்கள் என்று அவரைக் கேட்டேன்.

"அமெரிக்காவுல நவஹோன்னு ஒரு பழங்குடி ஜனம் கீறாங்க" என்றார். "சர்க்கார் பட்டாளம் அவங்க சோளத்த எரிச்சிது, பழமரத்த வெட்டிச்சு, நூத்துக்கணக்கான மைல் நடக்கவச்சு அடைச்சுப் போட்டுச்சு. நாலு வருஷம். அப்புறம் அவங்க தலைவருங்க சர்க்காரோட பேசி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு, சொந்த மண்ணுக்கே திரும்பிட்டாங்க. அவங்க தலைவர் யாருக்கும் உத்தரவு போட முடியாது. ஒருத்தன் தப்புப் பண்ணா, ரெண்டு பக்கத்துச் சொந்தமும் உக்காந்து எல்லாரும் சரின்ற வரைக்கும் பேசும். தப்புப் பண்ணவன் சொந்தம் ஆடு குடுக்கும். நான் கண்ணால பாத்தேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மண்ணைப் பிடுங்கிய பட்டாளத்தால் அவர்கள் நியாயத்தைப் பிடுங்க முடியவில்லையே!

யார் குற்றம் என்று மாமா விசாரிக்கவே இல்லை. கட்டிலோடு தூக்கி வந்திருந்த குப்பனிடம், "உனக்கு இன்னா வேணும்?" என்று மட்டும் கேட்டார். மூன்று மணி நேரம் பேசினார்கள். குப்பன் வீட்டுக்குத் தண்ணீரும் விறகும் சுமப்பது, பால் ஆடு இரண்டை விடுவது என்று முனுசாமியின் அண்ணன் தம்பிகள் ஒப்புக்கொண்டார்கள்.

"இங்கியும் ஆடா!" என்று துரை சிரித்தார்.

குப்பன் இன்னும் தலையாட்டவில்லை. "கால் சரியானதும் நான் எறங்குற கேஜுக்கு இவன்தான் பெல் அடிக்கணும்" என்றான். "இனிமே இவனவிட ஜாக்கிரதையா எவன் அடிப்பான்?"

முனுசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். துரை தொப்பியைப் போட்டுக்கொண்டு, "நாளைக்கு ஷிஃப்டுக்கு வா" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார். என் கண்ணும் கலங்கிவிட்டது.

ஐந்து மணி ரயிலில் மாமா என்னோடு ஏறினார். வண்டி நகர்ந்ததும், "சாட்சிதானே, சொல்றேன். உனக்கு இன்னா வேணும், அத்த மொதல்ல சொல்லு" என்றார்.

ஆறு வருஷத்தில் என் வக்கீல் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. கிணறு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. மாமாவும் விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பௌரிங்பேட்டையில் மூட்டையை எடுத்தபோதுதான் பதில் வந்தது.

"அவன் என்னை அண்ணான்னு கூப்பிடணும் மாமா" என்றேன்.